பிரிக்காத ஜெபச் சீட்டு

போன மாதம் நடந்த புது ஆயர்களுக்கான பயிற்சியில் உங்களில் ஒருவர் எழுந்து, “ஐயா, நீங்க சேகரத்துல இருந்தப்ப காலையில எத்தனை மணிக்குத் தியானத்துக்கு உக்காருவீங்க?” என்று கேட்டார். நான் டீயை உறிஞ்சிக்கொண்டே, “சீக்கிரமே உக்காந்துடணும் தம்பி” என்று சொல்லி நழுவிவிட்டேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. நீங்களும் மரியாதைக்காகத் தலையாட்டினீர்கள். ஓய்வுபெற்ற ஆயர் என்றால் நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நின்றவர் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடுகிறீர்கள். எங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே உண்மையான பதிலை எழுதிவிடுகிறேன். ஒரு சமயம் நாற்பது நாளுக்கு மேல் நான் தியானத்துக்கு உட்காரவே இல்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்த நாற்பது நாளுக்கு நடுவில்தான் பெரம்பலூரில் நடந்த வாலிபர் முகாமில் ‘ஆண்டவரோடு தனித்திருக்கும் வேளை’ என்ற தலைப்பில் மூன்று நாள் பேசினேன். பிள்ளைகள் கண்கலங்கினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். நானும் வெட்கமில்லாமல் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த நாற்பது நாளில் ஒரு பெண்பிள்ளையின் உயிர் போகப் பார்த்தது. என்னால்தான்.

அப்போது செந்துறைப் பக்கம் ஒரு சேகரத்தில் இருந்தேன். இரண்டாயிரத்து மூன்று என்று நினைவு. பதினோரு ஊர்ச் சபைகளுக்கு நான் ஒருவன், ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி. நான் தியானத்தை விட்டதற்குப் பாவம் எதையும் காரணம் காட்ட முடியாது. காட்ட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும், உடனே மனந்திரும்பியிருக்கலாம். எல்லாம் நல்ல காரியங்கள்தான். கோயிலுக்கு முன்மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். சென்ட்ரிங் ஆட்கள் ஆறு மணிக்கே வந்து வாசலில் நிற்பார்கள். பலகை எங்கே, கம்பி எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். அதற்குள் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். செல்போன் வேறு புதிதாக வாங்கியிருந்தேன். மாடிப்படியில் பாதி ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வேதாகமத்தோடு நாற்காலியில் உட்காரவேண்டிய நேரத்தில் படிக்கட்டில் நின்று ஜல்லி லாரிக்காரரோடு கத்திக்கொண்டிருப்பேன். சாயங்காலம் ஆனால் ஊர் ஊராக வீட்டு ஜெபக்கூட்டம். ஜெபம் நடத்துவதிலேயே ஜெபிக்க நேரமில்லாமல் போனது.

நம் வேலையில் ஒரு வசதி உண்டு, தம்பிமார்களே. கொத்தனார் வரவில்லை என்றால் சுவர் எழும்பாது, ஊருக்கே தெரிந்துவிடும். ஆயர் ஜெபிக்கவில்லை என்றால் ஒருவருக்கும் தெரியாது. மணி அடிக்கும், பாட்டு நடக்கும், பழைய நோட்டிலிருந்து ஒரு பிரசங்கத்தை எடுத்துத் தூசி தட்டினால் போதும். பீடத்தில் இருக்கும் பெரிய பைபிளில் பாடம் வாசித்துவிடலாம். சொந்த பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், அப்படியே இடுக்கிக்கொண்டு திரும்பி வரலாம். கொஞ்ச நாளில் எனக்கே இது பழகிவிட்டது. இப்போது நினைத்தாலும் அதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது.

இனிச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவனே நான்தான். சேகரத்துக்குப் போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தேன்: “உங்கள் வேண்டுதல்களை ஒரு தாளில் எழுதி என் பைபிளுக்குள் வையுங்கள். அதிகாலையில் தியானத்துக்காக நான் அதைத் திறக்கும்போது உங்கள் சீட்டுதான் முதலில் என் கண்ணில் படும்.” சொன்னபோது மனதாரச் சொன்னேன். இரண்டு வருடம் மனதாரச் செய்தும் வந்தேன். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கி நிற்கும்போது ஒவ்வொருவராக வந்து என் பைபிளை விரித்துச் சீட்டை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தரங்கமாக இருக்கவேண்டும் என்று சிலர் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருப்பார்கள். காலையில் நகத்தால் ஒட்டைப் பிரித்துப் படிப்பேன்.

உட்காருவது நின்ற பிறகும் சீட்டு நிற்கவில்லை. திங்கட்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். திங்கட்கிழமை சிமெண்ட் வந்து இறங்கும். வழியில் பார்க்கிறவர்கள், “ஐயா, சீட்டு வச்சேனே, செபம் பண்ணீங்களா?” என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். “ஜெபிச்சேம்மா. விசுவாசத்தோட செய்யுங்க. கர்த்தர் கூட இருப்பாரு.” கிணறு வெட்டுவதற்கும் இது பொருந்தும், பெண் பார்ப்பதற்கும் பொருந்தும், டிரான்ஸ்பருக்கும் பொருந்தும். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடலாம். அப்படி ஒரு வாக்கியம் அமைந்ததில் எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

அரியலூர் போகும் பாதையில் ஒரு சின்ன ஊரில் எஸ்தர் அம்மா இருந்தார். முந்திரி உடைக்கிற வேலை. ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், பொங்கலுக்கும் கிறிஸ்மசுக்கும் வருவார். ஒரே மகள் ஜெயசீலி, பதினாறு வயது, பிளஸ் ஒன் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா நாலாக மடித்து ஒட்டிய ஒரு சீட்டை என் பைபிளில் வைத்தார். தாளில் அவருடைய விரல் கறை இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. புருசன் வேலை விஷயமாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை செந்துறை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து ஓடி வந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றினேன்.

“தோத்திரம் ஐயா. சீட்டு பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. ஜெபிச்சேன். விசுவாசத்தோட செய்யுங்க, கர்த்தர் கூட இருப்பாரு.”

“நெசமாவா ஐயா? செய்யலாங்களா?”

“தைரியமா செய்யுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், “ஐயா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன்” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எதைச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. “ரொம்பச் சந்தோசம்மா, ஸ்தோத்திரம்” என்று கைகுலுக்கி அடுத்தவரிடம் போய்விட்டேன்.

அதற்கடுத்து வந்த வியாழக்கிழமை, காலை பத்தரை இருக்கும். மண்டபத்தில் கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சிமெண்ட் ஆலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன். ஓட்டுகிறவர் முருகேசன், எஸ்தர் அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரர். நம் சபை ஆள் இல்லை, நெற்றியில் திருநீறு.

“சார், சீக்கிரம் ஏறுங்க. எஸ்தரு அக்கா பொண்ணுக்கு வலிப்பு. வுட்டு வுட்டு வருது, கண்ணையே தொறக்க மாட்டேங்குது. தூக்குங்க, அரியலூரு போயிடலாம்னு சொல்றேன், அந்தக்கா தொட விட மாட்டேங்குது. ஐயா வரட்டும், ஐயா வந்தாத்தான்னு ஒரே புடியா நிக்குது.”

பைபிளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். போகும்போது வழக்கமான நினைப்புதான். போய் ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு, பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் மேஸ்திரியிடம் திரும்பிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். இதையும் சேர்த்தே சொல்கிறேன், மறைக்கவில்லை.

அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே சபைப் பெண்கள் நாலு பேர் கைகோத்து உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாயில் ஜெயசீலி. பல் கிட்டித்து, வாயோரம் நுரை, ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. முருகேசனின் மனைவி அவள் கையில் வைத்த சாவிக்கொத்தை எஸ்தர் அம்மா பிடுங்கி எறிந்திருந்தார், அது அடுப்போரம் கிடந்தது. இரும்பை நம்புவது அவிசுவாசமாம்.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. இன்றைக்கும் என்னை அதிரவைப்பது அந்த முகம்தான். பிள்ளை அந்தக் கோலத்தில் கிடக்க, ஒரு தாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்க ஐயா. பயப்படாம இருக்கேங்க ஐயா. நீங்க சொன்னது சொன்னதுதான். மாத்திரைய நிறுத்துனதுக்குச் சோதனை வருது, அவ்வளவுதான். நீங்க கை வச்சா எந்திரிச்சுடுவா.”

“எந்த மாத்திரைம்மா?”

“வலிப்பு மாத்திரைதாங்க ஐயா. நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க.”

“நானா?”

“சீட்டுல கேட்டிருந்தேனே ஐயா. பஸ் ஸ்டாண்டுல வச்சு விசுவாசத்தோட செய்யுன்னீங்களே. அன்னிக்கு ராத்திரியே நிறுத்திட்டேன். எட்டு நாளாச்சு.”

பைபிளைப் பிரித்தேன். ஏழெட்டுச் சீட்டுகள் கீழே கொட்டின. அதில் கறை பட்ட சீட்டும் ஒன்று. குனிந்து எடுத்தேன். பருக்கை காய்ந்து, வைத்தது வைத்தபடி ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடியில் மனிதனுக்கு முதலில் என்ன தோன்றும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பிள்ளை தோன்றவில்லை. அந்தச் சீட்டை யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் தோன்றியது. உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். பிறகு ஒரு யோசனை வந்தது. என் மானமும் போகக்கூடாது, பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றேன். திறந்து, கம்பீரமான குரலில் சொன்னேன்:

“எஸ்தரம்மா, கர்த்தர் இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றாரு.”

அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணு, கர்த்தரு மாத்தி மாத்திச் சொல்லுவாரா ஐயா? எம்மேல எரக்கப்பட்டு நீங்களா சொல்றீங்க. நீங்க தளந்துடாதீங்க ஐயா. நான் தளர மாட்டேன்.”

சொல்லிவிட்டு மகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பெண்கள் பாட்டை இன்னும் உயர்த்தினார்கள். வாசலில் இருந்து முருகேசன், “சார், புள்ள செத்துடும் சார்!” என்று கத்தினார். என் பொய் எஸ்தர் அம்மாவின் நெஞ்சில் விசுவாசமாக வேர்விட்டிருந்தது. அதை இன்னொரு பொய்யால் பிடுங்க முடியவில்லை.

நான் தரையில் உட்கார்ந்தேன். கையைத் திறந்து சீட்டை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

“எஸ்தரம்மா, இதப் பாருங்க. நான் படிக்கல. உங்க சீட்ட நான் பிரிக்கவே இல்ல. ஜெபமும் பண்ணல. பஸ் ஸ்டாண்டுல சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன். கர்த்தர் ஒண்ணும் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன்.”

பாட்டு நின்றது. அந்த அம்மா நிமிர்ந்து சீட்டை வாங்கினார். கறுத்த நகத்தால் ஒட்டைச் சுரண்டிப் பார்த்தார். அது இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை சுரண்டிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, மகளைத் தானே அள்ளித் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்.

சீட்டை நான் வேனில்தான் படித்தேன். “ஐயா தோத்திரம். சீலிக்கு ரெண்டு வருசமா வலிப்பு வரலை. மாத்திரை போட்டால் வகுப்பில் தூங்குகிறாள், பரீட்சை வருது. நிறுத்தலாமா என்று இருக்கு. டாக்டரைக் கேட்கப் பயமா இருக்கு. நீங்கள் தியானத்தில் ஆண்டவரைக் கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் செய் என்றால் செய்கிறேன்.” இவ்வளவுதான். காலையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்கம்மா என்று சொல்லியிருப்பேன். அதற்கு வெளிப்பாடுகூட வேண்டாம், பள்ளிக்கூடம் போன புத்தியே போதும்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. முருகேசன் இறங்கி ஓடிக் கேட்கீப்பரிடம் கெஞ்சிப் பார்த்தார், ரயில் கிளம்பிவிட்டது, திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இன்ஜினை அணைத்தோம். பிள்ளையின் கால்கள் என் மடியில் இருந்தன. செல்போன் அடிக்கவில்லை, மேஸ்திரி இல்லை, போக இடமில்லை. நாற்பது நாளில் அன்றுதான் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்கலாம் என்று பார்த்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் அரை மணி நேரம் தடங்கலில்லாமல் ஜெபிக்கிற எனக்கு ஒரு வரி வரவில்லை. வாய்க்குப் பழகிய சொல் ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றும் பொய்யாகப் பட்டது. கடைசியில் “ஆண்டவரே, இந்தப் பிள்ளை” என்பதோடு நின்றுவிட்டது. அதையே கேட் திறக்கிற வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பெண். ஊசி போட்டுக்கொண்டே, “மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னது?” என்று சீறினார். எஸ்தர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“நான்தான்” என்றேன்.

“நீங்க டாக்டரா?”

“இல்லம்மா. ஆயர்.”

அவர் என்னையும் என் கக்கத்தில் இருந்த பைபிளையும் பார்த்தார். “வெளியில நில்லுங்க” என்றார். நின்றேன்.

ஒரு மணிக்கு மேல் வலிப்பு அடங்கியது. மறுநாள் விடிந்த பிறகுதான் கண் திறந்தாள். அம்மாவை யாரென்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆனது. வலது கையில் பேனா பிடிக்க மாதக்கணக்காயிற்று, அந்த வருடப் பரீட்சை போயே போய்விட்டது. எந்தப் பரீட்சைக்காக மாத்திரையை நிறுத்தினார்களோ, அதே பரீட்சை.

மனம் பொறுக்காமல் எனக்கு மேலே இருந்த மூத்த ஆயர் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார், சேகரத்தை விட்டு எடுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் மோரை ஆற அமரக் குடித்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு கலங்குறீங்க? நம்மள்ல யாருங்க எல்லாச் சீட்டையும் படிக்கிறோம்? அதான் பொண்ணு பொழச்சுக்கிச்சே” என்றார். ஆஸ்பத்திரியில் பட்ட அதிர்ச்சிக்குக் குறையாத அதிர்ச்சி அது. நான் மட்டும்தான் கெட்டுப்போயிருக்கிறேன் என்று நினைத்துத்தான் அவரிடம் போயிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு குடும்பங்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்தின. அதில் தப்பே இல்லை. சீட்டு வாங்குவதை விட்டேன். யார் ஜெபிக்கச் சொன்னாலும் அங்கேயே, ரோட்டோரமானாலும், வண்டியை அணைத்துவிட்டு என்னவென்று முழுதாகக் கேட்பேன், அங்கேயே ஜெபிப்பேன். முடியாத அன்றைக்கு முடியவில்லை என்று சொல்வேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு வந்த மேஸ்திரி வாசலில் காத்திருந்தார், முதல் நாள் முணுமுணுத்தார், பிறகு ஆறரைக்கு வரப் பழகிக்கொண்டார். ஒருவரும் சாகவில்லை. தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: ஆறு மணிக்கு, அரை மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை, பல நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஆனால் உட்காராத நாளில் உட்கார்ந்தேன் என்று சொல்லவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதே வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. வார்டு வராந்தாவில் பெஞ்சில் எஸ்தர் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடியில் நான். அவர் கேட்கட்டும், திட்டட்டும், அறையட்டும் என்றே அங்கே இருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கம்மா.”

“சீட்டு குடுத்து பதினோரு நாளாச்சு. இந்தப் பதினோரு நாளுல எம் புள்ளைக்காக நீங்க ஒரு தடவகூட செபம் பண்ணலையா?”

“இல்லம்மா.”

பழைய வாய் சும்மா இருக்குமா, ஆரம்பித்துவிட்டது: “நீங்க பண்ணியிருப்பீங்களேம்மா. தாய் பண்ற ஜெபத்த ஆண்டவர்...”

அவர் தலையை ஆட்டினார்.

“இல்லைங்க ஐயா. சீலி பொறந்த நாள்லேருந்து ஒரு நாளும் நான் வுட்டதில்ல. காச்சல்ல படுத்தாலும் வுட்டதில்ல. உங்க பைபிள்ல சீட்ட வச்ச அன்னிலேருந்துதான் வுட்டுட்டேன். ஐயாவே தினம் உக்காந்து கேக்குறாரு, நாம வேற எதுக்கு ஆண்டவர நச்சரிக்கணும்னு வுட்டுட்டேன்.”

பதினாறு வருடமாக அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே ஜெபத்தையும் நான்தான் நிறுத்தியிருக்கிறேன்.